அரண்மனைச் சுவரும் ஊர் வீதியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு ஓவியம் நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் சுவரோவியங்கள் மேல்மாட அறைக்குள் அடங்கிக் கிடந்தன. 1894இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் தெய்வப் படங்களை எளியோர் இல்லங்களுக்கும் கொணர்ந்தது. 1956இல் எல்லை வகுத்தபோது அரண்மனை தமிழகத்திலும், அதன் பராமரிப்பு கேரளத்திடமும் அமைந்தன. ஆயினும் நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி களியக்காவிளை கடந்து, நெய்யாற்றின்கரையில் தங்கித் திருவனந்தபுரம் செல்கிறாள். வீதியோவியம் தீட்டுவார்க்கு இதனினும் சிறந்த காட்சி வேறுண்டோ? சென்னையையடுத்துக் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் தமிழ், மலையாளக் கலைஞரைக் கடற்கரையில் ஒன்றாய் வாழ வைத்தது. புலம்பெயர்ந்த நாமும் விழா முற்றத்தில் ஓவியச் சந்தை கூட்டி, நம் பிள்ளைகளை அவ்வீதியைத் தீட்டச் செய்வோம். அவர்கள் காணாத ஊரும் கண்முன் வரும்.