விசைப்பலகையும் சபையின் குரலும்

ஆராதனையில் இசைக்கருவிக்குரிய இடம் யாது என்னும் வினா தமிழ்த் திருச்சபைக்குப் புதியதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராக தாளங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பின் வாயிலாக அவை பொது ஆராதனையில் வேரூன்றின. மேனாட்டு மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளோ நாற்குரல் ஒத்திசையோடு வந்தன. முன்னதற்குக் கமகம் உயிர். பின்னதற்குச் சுரக்கூட்டு உயிர்.

1842இல் பாரிசில் டெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் இவ்விரண்டிற்கும் துணையாயிற்று. எனினும் அதன் அசையாச் சுரங்கள் கமகத்தைத் தாங்கா என்னும் குறை எழுந்தது. அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி, 1971இல்தான் தடையைத் தளர்த்தியது. இதற்கிடையில், கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றிய ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), ‘கருணாமிர்த சாகரம்’ (1917) என்னும் நூலில் ஸ்தாயியை 12 ஆகவும் 24 ஆகவும் சமமாகப் பகுத்துச் சுருதி வினாவைக் கணக்கின்மேல் நிறுத்தினார்.

அதே வினா இன்று அரேஞ்சர் கீபோர்டோடு வருகிறது. இடக்கை ஒரு சுரக்கூட்டைத் தொட, ‘ஸ்டைல்’ தாளத்தையும் பின்னணியையும் எழுப்புகிறது. சில மாதிரிகள் ஒலிவாங்கியில் பாடும் ஒரு குரலோடு துணைக்குரல்களையும் பிறப்பிக்கின்றன. மோகன இராகத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. ஆயினும் பழகிய மூன்று மேனாட்டுக் கூட்டுகளை இசைத்தால் அவ்விரு சுரங்களும் புகுந்து இராகத்தைக் குலைக்கும். சட்ஜம், பஞ்சமம் மட்டும் ஒலிக்கும் கூட்டு, தாளமும் மந்தரமும் மட்டும் விட்ட பின்னணி, தாழ்ந்த ஒலியில் ஒரே துணைக்குரல் ஆகியவை பொருந்தும். நான்கெண்ணிக்கை ஸ்டைலில் மிஸ்ர சாபுவின் ஏழு அடங்காது. அதற்கெனத் தனி ஸ்டைல் அமைத்தல் வேண்டும்.

கருவியைத் திருத்துவது எளிது. மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற ஆலைப் பகுதிகளில் ஷிப்டு வேலை செய்வோர் பாடற்பயிற்சிக்கு ஒருங்கே கூடுவது அரிது. வராத ஆண்குரலைக் கருவி நிரப்பும்போது, அக்குரலுக்குரியவர் இல்லாமையைச் சபை உணராமற் போகலாம். ஆகவே, துணைக்குரலைப் பயிற்சியில் வழிகாட்டியாகக் கொண்டு, ஆராதனையில் அதனை நிறுத்திவிடுவது நலம். இரு குரல்களே கூடினும் அவை சபையின் குரல்களாயிருத்தல் வேண்டும். போதகர் இதனைக் கருவி வாசிப்பவரிடம் மட்டும் விட்டுவிடலாகாது.