அளவுகோலை அமைத்தவர்கள்: செயற்கை நுண்ணறிவில் பெண் தலைமை

செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெண் தலைமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பதவிகளையே எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கும் தேவைதான். ஆனால் ஒரு மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது என்று முடிவு செய்பவரே இத்துறையின் போக்கை முடிவு செய்கிறார். பெண்களின் தலைமை மிக ஆழமாகப் பதிந்திருப்பது அந்த இடத்தில்தான் என்பது என் வாதம்.

ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட 'ஜென்டர் ஷேட்ஸ்' ஆய்வைப் பார்ப்போம். முகப்படத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தார்கள். அதுவரை புழங்கிய சோதனைத் தொகுப்புகளில் வெளிர்நிற முகங்களே மிகுதி. 'ஐஜேபி-ஏ' தொகுப்பில் அவை ஏறத்தாழ 80 விழுக்காடு. அப்படிப்பட்ட தொகுப்பில் கருநிறப் பெண்ணைப் பற்றிய பிழை மொத்த மதிப்பெண்ணில் கரைந்துபோகும். ஆகவே ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைத் திரட்டிப் புதுத் தொகுப்பு அமைத்தார்கள். பெண் உறுப்பினர்கள் கணிசமாக உள்ள அவைகளாகப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். அரசியலில் பெண்கள் போராடிப் பெற்ற இடங்கள் இப்படி ஒரு கணினி ஆய்வுக்கு அடித்தளமானதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மொத்தத்தில் மூன்றும் 88 முதல் 94 விழுக்காடு வரை சரியாகச் சொன்னன. பிரித்துப் பார்த்தபோது வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 வரை ஏறியது.

இது குறை காணும் வேலைதானே, தலைமை ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் டெபோரா ராஜியும் புவோலம்வினியும் 2019இல் வெளியிட்ட மறுசோதனையில், முதல் ஆய்வில் பெயர் சுட்டப்பட்ட மூன்று நிறுவனங்களும் பிழையைப் பெரிதும் குறைத்திருந்தன. ஃபெய்-ஃபெய் லியின் குழு 2009இல் வெளியிட்ட 'இமேஜ்நெட்' படத்தொகுப்பும் அளவுகோல் துறையின் போக்கை மாற்றும் என்பதற்குச் சான்று. 2012இல் ஆழ்கற்றல் தன் வலிமையை நிறுவியது அத்தொகுப்பை ஒட்டி நடந்த போட்டியில்தான்.

பதவி மட்டும் போதாது என்பதற்கும் கெப்ருவே சான்று. கூகுளின் நெறிமுறைக் குழுவுக்கு அவரும் மார்கரெட் மிட்செல்லும் இணைத் தலைவர்களாக இருந்தார்கள். பெருமொழி மாதிரிகளின் அபாயங்களைப் பேசிய ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறுவது குறித்து மூண்ட பிணக்கில், 2020 டிசம்பரில் கெப்ரு வெளியேறினார். பணிநீக்கம் என்றார் அவர். பதவி விலகலை ஏற்றோம் என்றது நிறுவனம். 2021 பிப்ரவரியில் மிட்செல் நீக்கப்பட்டார். இருவரிடமும் தலைமைப் பதவி இருந்தது; ஆனால் அவர்கள் கண்டதை வெளியிடும் இறுதி உரிமை நிர்வாகத்திடம் இருந்தது. எனவே நிறுவனங்கள் பெண் தலைவர்களின் விழுக்காட்டை அறிவிக்கும்போது, சோதனையில் தவறிய மென்பொருளை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவர்களில் எத்தனை பேருக்கு உண்டு என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும்.