1997: டைமண்ட் உடைஞ்ச நாள்

நாளைக்கு மேட்ச்னா, வீரபாண்டி டீக்கடைல இன்னைக்கே ஸ்கோர் சொல்லிடுவாங்க. அப்படிச் சொல்லி, பாதி கொல்கத்தா ஏமாந்த கதை இது.

1997 ஜூலை 13, சால்ட் லேக் ஸ்டேடியம். ஃபெடரேஷன் கப் அரையிறுதியில மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. பார்க்க வந்தவங்க 1,31,000 பேருக்கும் மேல. மோகன் பகான் காலிறுதியில சர்ச்சில் பிரதர்ஸை 6-0ன்னு நொறுக்கியிருந்துச்சு. கோச் அமல் தத்தாவோட 'டைமண்ட்' வியூகம்தான் ஊரெல்லாம் பேச்சு. எதிரணி ஆட்டக்காரங்களுக்குப் பட்டப்பேரு வச்சு வேற கிண்டலடிச்சார். ஈஸ்ட் பெங்கால் கோச் பி.கே. பானர்ஜி அந்தக் கிண்டலை வச்சே தன் பசங்களை உசுப்பேத்தினார்.

ஈஸ்ட் பெங்கால் 4-1ன்னு ஜெயிச்சது. கிண்டலுக்கு ஆளான பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூணு கோல்!

போன மேட்ச் ஸ்கோரை வச்சுக் கணிச்சது சரிதான். ஆனா அந்தக் கணிப்பு எதிராளி காதுலயும் விழும்ங்கறதை யாரும் கணக்குல சேர்க்கல.