துலாவும் கல்லெறி பொறியும்

வன்னிப் பெருநிலத்து முதியோருள் கிணற்றுத் துலாவை அறியாதார் அரியர். ஆடுகாலின்மீது அச்சுலக்கையிற் பொருந்திய நெடுமரம் அது. அதன் ஒரு முனை பாரத்தாற் தாழ, மறுமுனை நீரோடு மேலெழும். கோட்டைகளைத் தகர்த்த கல்லெறி பொறிக்கும் இந்நெம்புகோலே அடிப்படையென்பது ஆராயத்தக்கது.

மனிதர் பலர் கயிறு பற்றி இழுக்க இயங்கிய பொறி முதலிற் சீனாவில் தோன்றிற்று. இழுப்போர்க்குப் பதிலாகப் பெரும்பாரத்தைக் கொண்ட பொறி 12ஆம் நூற்றாண்டளவில் மத்தியதரைக் கடல்சூழ் நாடுகளில் வழங்கலாயிற்று. இஸ்மாயில், அலாவுத்தீன் என்னும் முஸ்லிம் வல்லுநர் அதனைக் குப்ளாய்கானுக்குச் சமைத்தளிக்க, பல்லாண்டு முற்றுகையைத் தாங்கிய சியாங்யாங் நகரம் 1273இல் பணிந்தது. இந்தியாவில், 1301ஆம் ஆண்டு இரந்தம்போர் முற்றுகையில், கோட்டையினின்று பொறி எறிந்த கல்லால் அலாவுத்தீன் கில்சியின் தளபதி நுஸ்ரத்கான் மாண்டான்.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிற்பொறிகளுள் கவணையும் எண்ணுகின்றது. ஆயினும், பெயரொன்றே கொண்டு அதன் அமைப்பைத் துணிதல் தகாது. பெருமை பேசும் அவாவினால் சியாங்யாங்கின் பொறியை மதுரை மதிலில் ஏற்றிவைத்தல் வரலாறாகாது.

பொறியின் இயல்பை மாணவர் வீட்டுப் பொருள்களைக் கொண்டே அறியலாம். எட்டங்குல உயரமுள்ள இரு கவைக்கொம்புகளை நாட்டி, பழைய குடைக்கம்பியை அச்சாக இடுக. ஓரடி மூங்கிற் சிம்பை ஒன்றுக்கு நான்காகப் பகுபடும் இடத்தில் துளைத்து அதிற் கோக்குக. குறுமுனையில் மணல் நிறைந்த சிறு தகரப்பேணியைத் தொங்கவிடுக. நெடுமுனையில் தலை நீக்கிய ஆணியைப் பதித்து, சீலைத்துண்டாலாகிய கவணின் ஒரு நூலை அம்முனையிற் கட்டி, மறுநூலின் வளையத்தை ஆணியில் மாட்டுக. கவணிற் சிறு களிமண் உருண்டையை வைத்து, தாழ்த்திப் பிடித்த நெடுமுனையை விடுத்தால், பேணி வீழும், கவண் சுழலும், வளையம் கழன்று உருண்டை பறக்கும். எதிரே எவரும் நில்லாமை வேண்டும்.

ஆணியைச் சிறிது வளைத்தால் வளையம் கழலும் கணம் மாறும், வீச்சும் மாறும். கவணை நீக்கிச் சிறு சிரட்டைத் துண்டைப் பொருத்தினாலோ வீச்சுப் பெரிதுங் குறையும். எனவே, பாரம் மட்டுமன்றிக் கவணும் பொறியின் ஆற்றலுக்குக் காரணமாதல் தெளிவாம்.

நீரிறைத்த துலாவும் புள்ளோப்பிய கவணும் தமிழுழவர் கைக்கருவிகள். அவ்விரண்டும் இணைந்ததே அப்பெரும்பொறி. எனினும், இரண்டும் தனித்தனி இருந்தமை, இணைந்திருந்தமைக்குச் சான்றாகாது. மாதிரிப்பொறி எது இயலும் என்பதையே காட்டும். எது நிகழ்ந்தது என்பதைச் சான்றே காட்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவனே வரலாறு கற்றவனாவான்.