யார் சொல்லி யுத்தம்?

முட்டுக்காட்டில் கழி கடலோடு கலக்கும் இடத்தைத் தாண்டித் தெற்கே கொஞ்ச தூரம் போனால் கோவளம் வந்துவிடும். இந்தக் கரையில் ஒரு காலத்தில் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கட்டிய கோட்டை ஒன்று இருந்தது. சின்னக் கோட்டைதான். ஆனால் அதன் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெரிய கேள்வி எழுகிறது: யுத்தம் தொடுக்கும் அதிகாரம் யாருடையது?

1750-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி, ஆபத்து என்று அடையாளம் காட்டியது. விசாரிக்கச் சென்ற கோட்டைக்காரர்களிடம், மாலுமிகள் பலர் நோயில் மாண்டுவிட்டதாகவும், மிஞ்சியவர்களைக் கரையிறக்காவிட்டால் அவர்களும் பிழைக்கமாட்டார்கள் என்றும் முறையிட்டார்கள். நம்மவர்கள் மனம் இரங்கினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் சிலர் கோட்டைக்குள் வந்தார்கள். அவர்களுடைய உடைக்குள்ளே ஆயுதங்கள் இருந்தன. அன்றிரவே கோட்டை கைமாறியது.

தந்திரம் கிடக்கட்டும். வேடிக்கை என்னவென்றால், அப்போது பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டையே கிடையாது! 1748-லேயே ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை ஆகிவிட்டது. அதன்படி, தாங்கள் பிடித்து வைத்திருந்த சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1749-இல் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். ராஜாக்கள் இருவரும் சமாதானமாக இருக்க, அவர்களுடைய வியாபாரிகள் நம் ஊரில் சண்டை போட்டார்கள்.

வியாபாரிக்கு யுத்தம் செய்ய ஏது உரிமை? இங்கிலீஷ் கம்பெனிக்கு 1661-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனத்தில் அந்த உரிமை இருந்தது. ஆனால் கிறிஸ்தவர் அல்லாத அரசர்களோடும் ஜனங்களோடும் மட்டுந்தான். அதாவது, நம்மோடு சண்டை போடலாம், பிரெஞ்சுக்காரரோடு கூடாது. இதற்கும் ஒரு வழி கிடைத்தது. நவாபு பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் புதுச்சேரியில் டூப்ளே துணை நின்றார். முகமது அலிக்குச் சென்னைக் கவர்னர் சாண்டர்ஸ் துணை நின்றார். இரண்டு கம்பெனிகளும் ஒன்றை ஒன்று தாக்கவில்லையாம். சிநேகிதருக்கு ஒத்தாசை செய்தனவாம்!

1752 ஜூன் மாதம் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். சிநேகிதரே போன பிறகு ஒத்தாசை நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் கப்பலில் புதிதாக வந்திறங்கிய 200 வெள்ளையரையும், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு கோவளத்துக்கு வந்தார். கோட்டையிலிருந்து பாய்ந்த குண்டில் ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் ஓட்டமெடுத்தார்கள். ஒருவன் கிணற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டான். இந்தப் படையை வைத்துக்கொண்டே கிளைவ் கோவளத்தையும், பிறகு செங்கற்பட்டையும் பிடித்துவிட்டார்.

லாபம் யாருக்கு? பட்டம் முகமது அலிக்கு; பணப்பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப் படை வந்தபோது அந்தச் சீமை பாழாயிற்று. ஏர் பிடித்தவனையும் வலை வீசியவனையும் எந்த யுத்தத்துக்கும் யாரும் யோசனை கேட்கவில்லை.

லண்டன் பார்லிமெண்டு விழித்துக்கொண்டது. 1773-ஆம் ஆண்டுச் சட்டம், வங்காளத்தைக் கேட்காமல் சென்னை யுத்தம் தொடங்கக்கூடாது என்றது. 1784-ஆம் ஆண்டுச் சட்டம், லண்டனைக் கேட்காமல் வங்காளமும் தொடங்கக்கூடாது என்றது. இரண்டிலும் அவசர ஆபத்துக்கு விலக்கு உண்டு. அந்தச் சின்னக் கதவு வழியாக எத்தனை பெரிய பட்டாளங்கள் புகுந்து போயின என்பதை அதற்குப் பிந்திய இந்திய வரைபடமே சொல்லும்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி, இந்தியா யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். ஜனங்கள் தேர்ந்தெடுத்த சட்டசபைகளை அவர் கேட்கவில்லை. அடுத்த மாதமே சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது.

இன்று 'யுத்தமும் சமாதானமும்' மத்திய அரசின் பட்டியலில் 15-ஆவது இனம். முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம், தீர்மானம் மந்திரிசபையிடம், செலவுக்குப் பணம் தருவது மக்களவை. ஆனால் முதலில் பார்லிமெண்டின் சம்மதம் பெறவேண்டும் என்று எந்த ஷரத்தும் சொல்லவில்லை. 1962-இல் சீன எல்லையில் நடந்த சண்டைக்கு இரு தரப்பிலும் யுத்தப் பிரகடனமே இல்லை.

பிரகடனம் வெறும் சடங்குதானே என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நாளைக்குக் கணக்குக் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். கோவளத்துச் சண்டையில் அப்படி ஒரு கையெழுத்து இல்லை. அதனால்தான் ராஜாவைக் கேட்டால் கம்பெனியைக் காட்டினார். கம்பெனியைக் கேட்டால் நவாபைக் காட்டியது. நவாபோ கடன் பத்திரத்தைக் காட்டினார்.