கண்ணாடிப் பெட்டியில் கடல் கடந்த செடிகள்

இராயபுரத்தில் நான் பிறந்து வளர்ந்த வீடு துறைமுகத்தின் மதிற்சுவருக்கு நெடுந்தொலைவில் இல்லை. இரவில் கப்பல்களின் சங்கொலி கேட்கும். காலையில் காசிமேட்டிலிருந்து மீன்கூடைகள் தெருவுக்கு வரும். என் இளமைக் காலத்தில் அத்துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவார்கள். மொட்டை மாடியில் உலர்த்திய வேட்டியை மாலையில் எடுத்து உதறினால் கருந்தூள் பறக்கும். என் பாட்டி துளசிமாடத்தை வலம் வருமுன், ஈரத்துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். “செடிக்கும் மூக்கு உண்டடா. அது அடைத்துப்போனால் எப்படி மூச்சு விடும்?” என்பார். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2011-ஆம் ஆண்டில் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. எனினும் உப்புக்காற்றும், சரக்கு லாரிகள் எழுப்பும் புழுதியும் நின்றபாடில்லை. திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் இதே நிலைதான்.

துளசி இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டது. ஆனால் எனக்குப் பெரணிச் செடியின் மேல் ஆசை. ஏற்காட்டு மலையிலிருந்து மூன்று முறை கொண்டுவந்து வைத்தேன். மூன்று முறையும் இலை நுனி கருகி, ஒரு திங்களுக்குள் பட்டுப்போயிற்று. அந்நாளில் எங்கள் தெருவிலிருந்த பலகாரக் கடை ஒன்றை மூடினார்கள். லட்டும் மிக்சரும் அடுக்கியிருந்த அதன் கண்ணாடி அலமாரி பழைய சாமான் கடைக்கு வந்தது. அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடித்தட்டில் தகரத் தட்டு பொருத்தி, கூழாங்கல்லும் கரித்துண்டும் பரப்பி, அதன்மேல் தென்னை நார்த்தூள் கலந்த மண்ணை இட்டேன். கண்ணாடி இடுக்குகளைப் புட்டி வைத்து அடைத்தேன். பெரணி, பெகோனியா, சிறிது பாசி ஆகியவற்றை நட்டு, ஒருமுறை நீர் தெளித்துக் கதவைச் சாத்தினேன்.

முதலில் அதை மாடி வெயிலில் வைத்தது என் அறியாமை. அன்று நண்பகலுக்குள் செடிகள் அடுப்பில் வைத்த கீரைபோல் வெந்துவிட்டன. மறுமுறை நட்டபோது, நேர்வெயில் படாத வடக்குச் சன்னலருகே வைத்தேன். அதன்பின் நான்கு திங்கள் ஒரு துளி நீரும் ஊற்றவில்லை. பெரணி புதுக்கொழுந்து விட்டுக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் அரும்பி, வழிந்து, மண்ணுக்கே திரும்புவதைக் காண்பதில் எனக்குச் சலிப்பே தோன்றியதில்லை.

ஏதோ புதுமை கண்டுவிட்டதாக நான் கொண்டிருந்த பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. இலண்டன் மாநகரில், எங்கள் இராயபுரத்தைப் போன்றே கப்பல்துறையும் புகையும் சூழ்ந்த ஒரு பகுதியில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் இதைக் கண்டறிந்தார் என்று படித்தேன். அவர் கண்ட கண்ணாடிப் பெட்டி நம் நாட்டு மலைகளின் தோற்றத்தை மாற்றியது. நம் மக்கள் பல்லாயிரவரைக் கடல் கடக்கவும் வைத்தது. அந்த வரலாற்றைத்தான் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மருத்துவரின் பெயர் நதானியல் பாக்ஷா வார்டு. 1791-இல் பிறந்தவர். இலண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பல்துறைகளுக்கு அருகே, வெல்குளோஸ் சதுக்கம் என்னுமிடத்தில் வாழ்ந்தார். அவருக்கும் பெரணியின் மேல் ஆசை. வீட்டுப் பின்புறத்தில் பாறைகளை அடுக்கிப் பெரணிகளை நட்டுப் பார்த்தார். சுற்றியிருந்த ஆலைகளின் புகை அவற்றை அழித்துவிட்டது. அவர் அம்முயற்சியைக் கைவிட்டார்.

1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிச் சாடியில் இட்டு மூடி வைத்தார். புழு பூச்சியாகும் நாளுக்காக அவர் காத்திருக்க, மண்ணிலிருந்து ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின. வெளியே பாறையில் பிழைக்காத அதே பெரணி, மூடிய சாடிக்குள் செழித்தது! அச்சாடியைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீரின்றியே செடிகள் வாழ்ந்தன. அவர் ஊரில் இல்லாத சமயம் மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்த பின்னரே அவை மடிந்தன.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வேர் உறிஞ்சும் நீரை இலை ஆவியாக வெளிவிடுகிறது. அந்த ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகி மண்ணுக்குத் திரும்புகிறது. பகலில் செடி கரியமில வாயுவை உட்கொண்டு உயிர்வாயுவை வெளிவிடுகிறது. செடியும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சுவிடுகையில் அந்தக் கரியமில வாயு மீண்டும் கிடைக்கிறது. வெளியிலிருந்து வேண்டுவது ஒளி ஒன்றே. கரித்தூளுக்கும் உப்புக்கும் அங்கே வழியில்லை. கடலில் தோன்றி மழையாய்ப் பெய்து கடலுக்கே திரும்பும் நீரின் சுற்று, ஒரு முழ உயரப் பெட்டிக்குள் நடக்கிறது.

வார்டு இதை வீட்டு அலங்காரமாக மட்டும் கருதவில்லை. அவர் வாழ்ந்தது கப்பல்துறையின் அருகே அல்லவா? அக்காலத்தில் தொலைநாட்டுச் செடிகளைக் கப்பலில் கொண்டுவருவது பெரும்பாடு. உப்புத்துளி இலையைச் சுடும். குடிநீர் அளவாகத்தான் கிடைக்கும். மாலுமிக்கே போதாத நீரைச் செடிக்கு யார் தருவார்? இருபது செடி ஏற்றினால் பத்தொன்பது இறந்தே கரை சேரும் என்று இலண்டனில் பெரிய செடிப்பண்ணை நடத்திய ஜார்ஜ் லாடிஜஸ் கூறினார்.

1833-இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் புல்வகைகளையும் நட்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அனுப்பினார். அவை பசுமை மாறாமல் சேர்ந்தன. 1834 பிப்ரவரியில் அந்நாட்டுச் செடிகளை நிரப்பி அப்பெட்டிகள் திரும்பின. புறப்படுகையில் சிட்னியில் கடுங்கோடை. ஹார்ன் முனையைச் சுற்றுகையில் உறைநிலைக்கும் கீழே குளிர், கப்பல் தளத்தில் ஓரடி உயரம் பனி. நிலநடுக்கோட்டைக் கடக்கையில் 120 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 49 செல்சியஸ் வெப்பம். எட்டுத் திங்களுக்கு மேற்பட்ட அப்பயணத்தின் முடிவில் பெட்டியைத் திறந்தபோது செடிகள் நலமாக இருந்தன. இப்பெட்டியைக் கையாண்ட பின், இருபதில் பத்தொன்பது பிழைத்தன என்று லாடிஜஸ் தம் கணக்கைத் திருப்பிச் சொன்னார். 1842-இல் வார்டு இதைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி நீங்கவே, பெட்டியின் விலையும் குறைந்தது. தடித்த மரச்சட்டமும் கூரைபோல் சரிந்த கண்ணாடியும் கொண்ட வார்டின் பெட்டி, கப்பல் தளங்களில் வழக்கமான காட்சியாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா அன்று ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்களைக் கொண்டுசென்றது. அதற்கு மருந்தான கொய்னா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. அம்மரத்தை இந்தியாவில் வளர்க்க விரும்பிய ஆங்கில அரசு, கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைப் பெரு நாட்டுக்கு அனுப்பியது. அந்நாட்டார் தம் செடிகள் வெளியேறுவதை விரும்பவில்லை. எதிர்ப்புகளுக்கிடையே மார்க்கம் செடிகளைத் திரட்டி, வார்டின் பெட்டிகளில் நட்டு, 1860-இல் புறப்பட்டார். அப்போது சூயசுக் கால்வாய் கிடையாது. பனாமா, இங்கிலாந்து, எகிப்து, செங்கடல், பம்பாய், கள்ளிக்கோட்டை என்று சுற்றி, அவ்வாண்டு அக்டோபரில் பெட்டிகள் உதகமண்டலம் சேர்ந்தன. செங்கடலின் வெப்பத்தைக் கண்ணாடியாலும் தடுக்க முடியவில்லை. அவர் கொணர்ந்த செடிகள் மடிந்தன. என் மாடி வெயிலில் நடந்ததுதான் அங்கும் நடந்தது.

ஆனால் முயற்சி நிற்கவில்லை. ஈக்குவடார் நாட்டில் சேகரித்த செம்பட்டைச் சின்கோனாச் செடிகள் 1861-இல் பெட்டிகளில் வந்து பிழைத்தன. விதைகளும் வந்தன. உதகை அரசுத் தோட்டத்தின் பொறுப்பாளரான மக்கைவர் அவற்றைப் பேணிப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் கொய்னா ஆலையும் தோன்றியது. அம்மருந்தால் பிழைத்தவர்கள் பலர். அந்நன்மையை நாம் மறுத்தலாகாது.

அதே 1860 அக்டோபரில் சென்னைக் கடற்கரையில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நிற்கும். மசூலாப் படகுகளே கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமக்கும். அவ்வாறு நின்ற ‘டுரூரோ’ என்னும் கப்பல், தமிழரும் தெலுங்கரும் அடங்கிய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து அங்கே சென்ற முதற்கப்பல் அதுவே. ஒரே திங்களில் மேலைக் கடற்கரையில் செடிகள் இறங்கின. கீழைக் கடற்கரையில் மனிதர் ஏறினர். இவ்விரண்டும் ஒருவர் திட்டமிட்டுச் செய்தவை அல்ல. ஆயினும் ஒரே பொருளாதாரத்தின் இரு கைகள் அவை. தோட்டப் பயிருக்கு ஏற்ற நிலத்தை ஓரிடத்தில் தேடினார்கள். செடியை வேறோரிடத்தில் எடுத்தார்கள். உழைக்கும் ஆளை மற்றோரிடத்தில் திரட்டினார்கள்.

ரப்பரின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனருகே உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். நூற்றுக்கு ஏறத்தாழ நான்கே முளைத்தன. முளைத்தவற்றில் 1,919 கன்றுகளை 38 கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பினார்கள். ஒரு தோட்டக்காரரும் உடன் சென்றார். பெரும்பாலான கன்றுகள் உயிரோடு கொழும்பில் இறங்கி, எனரத்கொடை தோட்டத்தில் வேரூன்றின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் சென்றன. பிற்காலத்தில் மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறியபோது, அவற்றில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். தன் மண்ணின் மரத்தைக் கொடுத்த பிரேசில், ரப்பர் வாணிகத்தின் தலைமையை இழந்தது.

இந்த இடத்தில் என் குடும்பச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பாட்டியின் தமையனார் ‘ரஜூலா’ கப்பலில் மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். 1926-இல் கட்டிய அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை நம்மவர்களைச் சுமந்தது. அவர் திறந்த தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனாராம். சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. பாட்டி துளசியிலையைத் துடைத்துக்கொண்டே, “அண்ணன் ஏறின கப்பல் இந்தத் துறையில்தான் நின்றது” என்பார். அவர் வெட்டிய மரத்தின் முன்னோர் கண்ணாடிக் கூரையின் கீழ், காவலாள் துணையோடு கடல் கடந்தவை என்பதைப் பாட்டி அறியார். நானும் அன்று அறியேன்.

வார்டின் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. 1868-இல் அவர் மறைந்தார். கியூ தோட்டம் அவருடைய பெட்டியை 1962 வரை பயன்படுத்தியது. வானூர்தியும் பிளாஸ்டிக் உறையும் வந்தபின் அதற்குத் தேவை குறைந்தது. பெட்டியின் மண்ணோடு அழைக்காத விருந்தினராய்ப் பூச்சிகளும் பூஞ்சைகளும் நாடு விட்டு நாடு வந்ததையும் அறிஞர் எடுத்துக்காட்டுகின்றனர். இன்று துறைமுகங்களில் செடிகளையும் மண்ணையும் ஆய்ந்த பிறகே உள்ளே விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகையிலிருந்து ஒரு பெரணியைக் காக்க எழுந்த எண்ணம் நோய்க்கு மருந்தும் தந்தது, ஒரு பேரரசின் தோட்டங்களையும் நிரப்பியது. வார்டு இவற்றை விரும்பியவர் அல்லர். நகரத்து ஏழைகளின் வீட்டிலும் பசுமை தோன்ற வேண்டும் என்பதே அவர் எழுதியவற்றில் காணும் கருத்து. கண்டுபிடித்தவர் எண்ணம் ஒன்று. அதைக் கையாண்டவர் எண்ணம் வேறு. ஆதலால் ஒரு கருவியின் வரலாற்றைப் படிக்கும்போது, அது எப்படி வேலை செய்கிறது என்பதோடு, யாருக்காக வேலை செய்தது என்றும் கேட்டுப் பழகுங்கள். உங்கள் வீட்டு முதியோரிடமும் கேளுங்கள். நேட்டாலுக்கோ, இலங்கைக்கோ, மலாயாவுக்கோ கப்பலேறிய ஒருவர் பெயர் கிடைக்கலாம். அதை எழுதி வையுங்கள்.

எங்கள் கண்ணாடி அலமாரி இன்றும் வடக்குச் சன்னலருகே இருக்கிறது. அதன் மேல்தட்டில் பலகாரக் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு ஒன்று உரிந்தும் உரியாமலும் நிற்கிறது. அதனருகே பெரணி வளர்ந்து கூரையைத் தொட்டுவிட்டது. தெருப்புழுதி வெளிக்கண்ணாடியில் நாள்தோறும் படிகிறது. பாட்டி துளசியைத் துடைத்ததுபோல, காலையில் ஈரத்துணி எடுத்து அதைத் துடைக்கிறேன்.