ஒபோஸ்: சந்தாப் பணத்தில் எழும்பிய ஒரு நகரம்

ஒஸ்லோவில் எங்கட சனம் இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரித்த கையோடு வருகிற கேள்வி, "வீடு வாங்கியாச்சோ?" என்பதுதான். நோர்வேயில் குடியேறியவர்களுக்குள் சொந்த வீட்டில் இருப்போர் விகிதம் அதிகமாக உள்ள கூட்டங்களில் இலங்கைத் தமிழர் முன்னுக்கு நிற்பதை இங்கத்தைய அரச புள்ளிவிபரங்களும் காட்டுகின்றன. ஆனால் அந்த வீடுகளில் கனக்க எப்படி வந்தன, யார் கட்டினார்கள் என்று கேட்டால் எங்களில் பலருக்குத் தெரிவதில்லை. மாதாமாதம் வருகிற கட்டணச் சிட்டையில் உள்ள ஒபோஸ் என்ற பெயரை ஏதோ ஒரு பெரிய கொம்பனி என்றுதான் நினைக்கிறோம்.

அது கொம்பனியாகத் தொடங்கியதல்ல. ஊரில் சங்கக்கடை தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். 1923 இல் சுவீடனின் ஸ்ரொக்கோமில் எச்.எஸ்.பி. என்றொரு வீடமைப்புக் கூட்டுறவு தொடங்கியது. அதைப் பார்த்து 1929 இல் ஒஸ்லோவில் தொடங்கியதுதான் 'ஒஸ்லோ வீடமைப்பு, சேமிப்புச் சங்கம்'. அதன் சுருக்கப் பெயர்தான் ஒபோஸ். அன்றைய ஒஸ்லோவில் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு அறையும் குசினியுமாக நெருக்கியடித்து இருந்தன. சிறுகச் சிறுகச் சேமி, வரிசையில் நில், உன் முறை வரும்போது வீடு கிடைக்கும் என்பதுதான் திட்டம். முதல் வீடுகள் 1930களின் தொடக்கத்தில் எட்டர்ஸ்டாட்டில் எழும்பின. 1935 இல் ஒஸ்லோ மாநகரசபை ஒபோசைத் தன் வீடுகட்டும் கரமாக ஏற்றுக்கொண்டது. அதிலிருந்துதான் உண்மையான வளர்ச்சி.

யுத்தம் முடிந்தபோது வீட்டுப் பஞ்சம் இன்னும் மோசம். 1946 இல் மலிவு வட்டிக்குக் கடன் கொடுக்க 'ஹுஸ்பாங்கன்' என்ற அரச வீட்டு வங்கி வந்தது. 1948 இல் ஒஸ்லோவோடு, அதைவிடப் பலமடங்கு பரப்புள்ள ஆக்கர் பிரதேசம் இணைக்கப்பட்டது. காணி மாநகரசபையிடம், கடன் அரச வங்கியிடம், கட்டுவிக்கும் அமைப்பு அங்கத்தவர்களிடம். மூன்றும் ஒன்றுசேர, 1950களின் தொடக்கத்தில் லாம்பெர்ட்செட்டர் என்ற முதல் துணைநகரம் எழும்பத் தொடங்கியது. பிறகு பேலர், அம்மெரூட், றொம்சோஸ் என்று காடும் தோட்டமுமாக இருந்த மேட்டுநிலமெல்லாம் அடுக்குமாடியானது. 1966 இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு நாங்கள் குறூருட் பள்ளத்தாக்கு என்றால் எங்கட ஊர் மாதிரிப் பேசுகிறோமே, அது இப்படி உருவானதுதான்.

இதன் நுட்பம் 'பொறெட்ஸ்லாக்' என்ற வடிவத்தில் இருக்கிறது. கட்டடம் முழுவதும் குடியிருப்போர் கூட்டுறவுக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கு ஒரு வீட்டில் வாழும் உரிமையைத் தருகிறது. கட்டடத்துக்கு எடுத்த கடன் பொதுக்கடன். மாதக் கட்டணத்தில் அந்தக் கடன், பராமரிப்பு, மாநகரசபை வரிகள் எல்லாம் அடங்கும். சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஒரு பங்குதான். பத்து வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க ஏலாது. வாடகைக்கு விடுவதற்கும் ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடு உண்டு. வீடு விலைப்படும்போது முன்னுரிமை, அங்கத்துவத்தில் மூத்தவர்களுக்கு.

இந்த மூப்பு வரிசை எனக்குப் பிடித்த விஷயம். நான் வந்த புதிதில் வாடகை அறை தேடிய காலத்தில், தொலைபேசியில் பெயரைச் சொன்ன உடனே "அறை போய்விட்டது" என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒபோஸ் வரிசையில் பெயரின் நீளமோ தோலின் நிறமோ கணக்கில் வராது, சேர்ந்த திகதிதான் கணக்கு. வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்து, 1990களில் ஒஸ்லோவுக்கு இறங்கிய எங்கட குடும்பங்கள் பல, இந்தக் கதவால்தான் உள்ளே வந்தன.

ஆனால் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். யுத்தத்துக்குப் பிறகு நீண்டகாலம் கூட்டுறவு வீடுகளின் விலை கட்டுப்பாட்டில் இருந்தது. வாங்கின விலைக்குக் கிட்டத்தான் விற்கலாம். கள்ளமாக மேசைக்குக் கீழே காசு கைமாறியது என்றும் சொல்வார்கள். 1980களின் தொடக்கத்தில், கோரே வில்லொக்கின் வலதுசாரி ஆட்சிக்காலத்தில், அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அன்று உள்ளே இருந்தவருக்கு ஒரு இரவில் சொத்து. வெளியே நின்றவருக்கு வாசல்படி உயர்ந்தது. 1980களின் கடைசியில் விலை விழுந்தது. எங்களில் பலர் வாங்கியது அந்த வீழ்ச்சியின் அடிவாரத்தில். இன்று எங்கட வீட்டின் பெறுமதியைச் சொல்லிப் பெருமைப்படும்போது, அதில் எங்கட ஓவர்டைம் வியர்வை எவ்வளவு, காலம் தந்த அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நேர்மை.

ஒபோசும் மாறிவிட்டது. 2014 இல் புளொக் வாட்னே என்ற வீடுகட்டும் நிறுவனத்தின் தாய்க்குழுமத்தை வாங்கியது, சுவீடனிலும் கட்டுகிறது, சொந்தமாக வங்கி நடத்துகிறது. அங்கத்தவர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளை பிறந்த கிழமையே பெயரைப் பதிகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் விலையைச் சந்தை தீர்மானிக்கும் காலத்தில், இருபது வருட மூப்பு இருந்தாலும் வங்கிக் கடன் கிடைக்காத பிள்ளைக்கு அது வெறும் இலக்கம். வரிசை பணக்காரன் ஏழை பார்க்காது, ஏலம் பார்க்கும். எரித்திரியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்கள் இப்போது நாங்கள் அன்று நின்ற இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதவு எங்களுக்குத் திறந்த அளவுக்குத் திறக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. காணியும் வீடும் எரிந்து, பறிபோய் வந்த சனம் நாங்கள். வீடு என்றால் எங்களுக்கு மதில் கட்டி உறுதி எழுதிய சொத்து. பொறெட்ஸ்லாக் அப்படியல்ல. கூரை ஒழுகினால் அது எல்லாருக்கும் ஒழுகுகிறது. இளவேனில் 'டுக்னாட்' சிரமதானத்துக்குத் தமிழர் வருகிறார்கள், சமோசாவும் கொண்டுவருகிறார்கள், நல்லது. ஆனால் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில்தான் புதுக்கடன் எடுப்பதா, கட்டணம் ஏறுவதா, நிர்வாகசபையில் யார் என்றெல்லாம் முடிவாகிறது. பெரிய வீட்டுக்காரனுக்கும் சின்ன வீட்டுக்காரனுக்கும் அங்கே ஒரே ஒரு வாக்கு. நான் போகிற கூட்டங்களில் எங்கட முகங்கள் ஐந்தாறுக்கு மேல் இருப்பதில்லை.

கோயிலுக்கும் ஊர்ச்சங்கத்துக்கும் தலைவர் பதவிக்கு நிற்க எங்களிடம் ஆளுக்குக் குறைவில்லை. படுத்தெழும்புகிற கட்டடத்தின் சபைக்கும் இரண்டு பேர் நிற்கட்டும். அடுத்த முறை தபாலில் பொதுக்கூட்ட அழைப்பு வந்தால் விளம்பரக் கடதாசிகளோடு சேர்த்து எறியாமல், கணக்கறிக்கையில் பொதுக்கடன் எவ்வளவு என்ற பக்கத்தையாவது திறந்து பாருங்கள். அது உங்கட கடன்.